கணுக்காலில் கை வைக்கும் முன்

அத்தியாயம் 7

மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தீர்கள். இன்னும் ஒரு படி இருந்தது. பாதம் உட்பக்கமாக மடங்கிப் பிரண்டுவிட்டது. பத்தே நிமிடத்தில் வெளிக்கணுவுக்குக் கீழே எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்ததுபோல் வீக்கம். இனி அந்தக் காலைத் தேடி ஒவ்வொரு கையாக வரும். பாட்டி எண்ணெயைச் சூடுபடுத்துவார். பக்கத்துத் தெருவில் சுளுக்கு வழிக்கிறவர் இருப்பார். "ஒரே இழுப்புதாம்மா, சரியாப் போயிடும்" என்பார். மைதானத்தில் நடந்திருந்தால் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் குதிகாலைப் பிடித்து வெட்டி இழுப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிசியோதெரபிஸ்ட் மெல்ல மெல்ல அசைத்துப் பார்ப்பார்.

இவை எல்லாமே கை வைத்தியம்தான். ஆனால் காலுக்குள் இவை செய்யும் வேலை ஒன்றல்ல. கையால் மூட்டை அசைக்கும்போது கணுக்காலின் இணைப்புநார்களுக்கு என்ன ஆகிறது, எந்த அசைவு உதவும், எது கெடுக்கும், எந்த நாளில் யாரிடம் காலைக் கொடுக்கலாம் என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இறுகிய மூட்டைத் திறக்கக் கையால் முடியும், கிழிந்த நாரைத் தைக்கக் கையால் முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு மாதத்தில் ஆற வேண்டிய கால் ஒரு வருடம் இழுத்தடிக்கிறது.

கழுந்தும் துளையும்

பேச்சுவழக்கில் "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்கிறோமே, அந்த ஜவ்வைத்தான் மருத்துவர்கள் லிகமென்ட் என்கிறார்கள். இந்த நூலில் இணைப்புநார், சுருக்கமாக நார் என்று குறிப்பிடுகிறேன். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது இணைப்புநார். தசைநாணைத் தசை இழுக்கும். நாரை நாமாக இழுக்கவோ தளர்த்தவோ முடியாது. மூட்டு போகும் போக்கில் அது முறுக்கேறும், தளரும்.

கணுக்கால் மூட்டு தச்சு வேலைபோல் அமைந்தது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கீழ்முனையில் சேர்ந்து ஒரு துளையாக நிற்கின்றன. அந்தத் துளைக்குள் கழுந்துபோல் இறங்கி உட்காரும் எலும்புக்குத் தாலஸ் என்று பெயர். இதற்கு இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, எந்தத் தசையும் இதில் வந்து ஒட்டுவதில்லை. சுற்றியுள்ள எலும்புகளும் நார்களும் எப்படித் தள்ளுகின்றனவோ அப்படி நகரும். இரண்டு, இதன் மேற்பரப்பு முன்புறம் அகலம், பின்புறம் குறுகல். பாதத்தை முகத்தை நோக்கி மடக்கினால் அகலமான பகுதி துளைக்குள் புகுந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். விரல்நுனியைத் தரையை நோக்கி நீட்டினால் குறுகிய பகுதி உள்ளே வந்து மூட்டு லொடலொடவென்று ஆகிவிடும். குதித்து இறங்கும்போதும் படி தவறும்போதும் பாதம் இந்த லொடலொட நிலையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் மூட்டைப் பிடித்து வைப்பவை பெரும்பாலும் நார்களே.

வெளிப்பக்கத்தில் மூன்று நார்கள் உண்டு:

முன் நார்: வெளிக்கணுவின் முன்விளிம்பிலிருந்து தாலஸுக்குப் போகிறது. ஸ்கேன் அறிக்கையில் "ஏ.டி.எஃப்.எல்." என்று இருப்பது இதுதான். தாலஸ் முன்னோக்கி வழுக்கிவிடாமல் தடுப்பது இதன் வேலை.

நடு நார்: வெளிக்கணுவின் நுனியிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்குகிறது. அறிக்கையில் "சி.எஃப்.எல்." குதிகால் உட்பக்கம் சாயாமல் பிடித்து வைக்கிறது.

பின் நார்: கணுவின் பின்பக்கத்திலிருந்து தாலஸுக்கு. மூட்டே நழுவும் அளவுக்கு அடிபட்டால் ஒழிய இது கிழிவது அரிது.

உட்பக்கத்தில் விசிறி விரித்ததுபோல் டெல்டாய்டு என்ற தடித்த நார். இவற்றுக்கு மேலே கீழ்க்காலின் இரு எலும்புகளையும் சேர்த்துக் கட்டும் மேல்கட்டு ஒன்றும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த நார் எவ்வளவு தாங்கும்? தானமாகப் பெற்ற உடல்களின் கணுக்கால்களை இழுத்துச் சோதித்த ஓர் ஆய்வு 1985-ல் வெளியானது. முன் நார் சுமார் 140 நியூட்டன் விசையில் அறுந்தது. எளிதாகச் சொன்னால் 14 கிலோவைத் தொங்கவிட்ட இழுப்பு. நடு நார் ஏறத்தாழ 35 கிலோ வரை தாங்கியது. டெல்டாய்டு 70 கிலோவுக்கும் மேல். வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப இந்தக் கணக்கு மாறும், வரிசை மாறாது. கால் பிரளும்போது முதலில் கிழிவது ஏன் பெரும்பாலும் முன் நாராகவே இருக்கிறது என்பதற்கு இதுவே விடை.

நீவுதல், அசைத்தல், சொடுக்குதல்

கையால் செய்யப்படுவதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நீவுதல் தோலையும் தசையையும் தொடுகிறது. மூட்டு அசைவதில்லை. எண்ணெய் போட்டு உருவி விடுவது இந்த வகை.

அசைத்தலைப் பிசியோதெரபிஸ்டுகள் மொபிலைசேஷன் என்கிறார்கள். மூட்டின் ஒரு எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றைச் சீராக, ஊஞ்சல்போல், முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெயிட்லண்ட் இந்த அசைவுகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை படி வைத்தார். முதல் இரண்டு படிகளில் மூட்டு இறுகும் இடத்தைக் கை தொடவே தொடாது. வலியைத் தணிப்பது மட்டும் நோக்கம். மூன்றும் நான்கும் இறுக்கத்தைத் தொட்டு, அதை மெல்லத் தள்ளிப் பார்க்கும். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், கை நிற்கும்.

சொடுக்குதல் என்பது மேனிபுலேஷன். மெயிட்லண்ட் வரிசையில் ஐந்தாம் படி. மூட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய், கண நேரத்தில் சிறு தூரத்துக்கு ஒரு வெட்டு. நிறுத்தச் சொல்ல உங்களுக்கு அவகாசம் இருக்காது. அசைத்தலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடே அதுதான். பயிற்சி பெற்ற கையில் அந்தத் தூரம் சில மில்லிமீட்டர். பயிற்சி இல்லாத கையில் எவ்வளவு என்று செய்கிறவருக்கே தெரியாது.

"டக்" என்றால் சரியாகிவிட்டதா?

விரலில் சொடக்கு எடுப்போம். முடிதிருத்துகிற இடத்தில் கழுத்தில் நெட்டி எடுப்பார்கள். அந்த ஓசை வந்தால்தான் மனசுக்கு நிம்மதி. கணுக்காலில் "டக்" என்றதும் "எலும்பு இடத்துக்கு வந்துடுச்சு" என்கிறார்கள்.

ஓசை வருவது எலும்பிலிருந்து அல்ல, மூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் போன்ற திரவத்திலிருந்து. இரண்டு எலும்புப் பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குழி உருவாகிறது. 1971-ல் இங்கிலாந்தில் அன்ஸ்வர்த்தும் உடனிருந்தவர்களும் குமிழி உடைவதால் ஓசை வருகிறது என்றார்கள். 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை வைத்து இழுத்துப் படமெடுத்தார்கள். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் குழி தோன்றுவதும், ஓசை அந்தக் கணத்தில் எழுவதும் தெரிந்தது. உருவாவதாலா, உடைவதாலா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும் அது குமிழியின் ஓசை. ஒருமுறை வந்தால் அதே மூட்டில் மறுபடி வர ஏறத்தாழ 20 நிமிடமாவது ஆகும்.

ஓசை வந்தது என்றால் மூட்டுப் பரப்புகள் விலகின என்று பொருள். நார் ஒட்டிக்கொண்டது என்றோ, எலும்பு இடம் சேர்ந்தது என்றோ பொருள் இல்லை. உண்மையிலேயே கணுக்கால் மூட்டு இடம் விலகியிருந்தால் பாதம் கோணலாகத் திரும்பியிருக்கும். பெரும்பாலும் எலும்பும் முறிந்திருக்கும். அது ஆம்புலன்ஸுக்கான கால்.

நாருக்குள் நடப்பது

ஓய்வில் இருக்கும் நாரின் இழைகள் தலைமுடிச் சுருள்போல் நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிர்கிறது. அதுவரை விசை அதிகம் தேவையில்லை, சேதமும் இல்லை. அதற்குமேல் இழுத்தால் இழைகளே நீள வேண்டும். தன் நீளத்தில் நூற்றுக்கு நான்கு பங்கை ஒட்டி நுண்ணிழைகள் அறுபடத் தொடங்கலாம் என்பது பொதுவான பாடநூல் கணக்கு. முன் நாரின் நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர். நூற்றுக்கு நான்கு என்றால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. "லேசாத்தானே இழுத்தேன்" என்று சொல்லும் கைக்கு இந்த அளவை உணரும் வழியே கிடையாது.

இன்னொரு குணமும் உண்டு. மெதுவாக இழுத்துப் பிடித்தால் நார் நேரம் போகப்போகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் விறைத்துக்கொள்ளும். நல்ல நாரில் அளவாகச் செய்த ஒரு சொடுக்கு நெளிவை நிமிர்த்திவிட்டுப் போய்விடும். நார் நிரந்தரமாக நீளாது. பிறகு கால் லேசானதுபோல் இருப்பது எதனால்? மூட்டிலும் நார்களிலும் உள்ள உணர்நரம்புகள் திடீரென்று செய்தி அனுப்புகின்றன. சுற்றியுள்ள தசைகளின் விறைப்பு தணிகிறது. வலியின் வாசல் சற்று நேரம் மூடுகிறது. பலன் உண்மைதான். ஆனால் அது நரம்பின் பலன், நாரின் பலன் அல்ல. அதனால்தான் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கரைந்துவிடுகிறது.

கிழிந்த நாரின் கதை வேறு. அங்கே கிழிசலின் இரு முனைகளுக்கும் நடுவில் உடல் புதிதாக ஒட்டுத்திசு நெய்துகொண்டிருக்கிறது. முதல் வாரங்களில் அது பிசின்போல் மெலிந்த, ஒழுங்கற்ற இழை. அதே திசையில் திரும்பத் திரும்ப இழுத்தால் முனைகள் விலகியே ஆறும். நார் நீண்டு, தொளதொளத்து ஒட்டும். பிற்காலத்தில் தட்டுத்தடுமாறும் கணுக்கால் இப்படித்தான் உருவாகிறது.

திசைதான் எல்லாம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முன் நார் தாலஸ் முன்னே வழுக்குவதைத் தடுக்கிறது என்று பார்த்தோம். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டினால் அது முறுக்கேறும். அத்துடன் உட்பக்கம் திருப்பினால் இன்னும் முறுக்கேறும். கால் பிரண்டது இந்த நிலையில்தான். தெருவில் சுளுக்கு எடுக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள்: பாதத்தைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து, உள்ளும் புறமும் திருகுகிறார்கள். விபத்து எந்தத் திசையில் நடந்ததோ அதே திசை. கிழிந்த துணியைக் கிழிசல் வாக்கிலேயே இழுத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது.

பயிற்சி பெற்றவர் பெரும்பாலும் எதிர்த்திசையில் வேலை செய்வார். கீழ்க்காலைப் படுக்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை தாலஸின் முன்பக்கம் பதியுமாறு வைத்து, அதைப் பின்னோக்கித் தள்ளுவார். தாலஸ் பின்னே போகும்போது முன் நார் இழுபடுவதில்லை. மூட்டுக்கு அசைவு கிடைக்கிறது, நாருக்குத் தொந்தரவில்லை.

பின்னோக்கித் தள்ளுவது ஏன் தேவைப்படுகிறது? பாதத்தை மேலே மடக்கும்போது தாலஸ் துளைக்குள் பின்வாங்க வேண்டும். கால் பிரண்ட பிறகு பலருக்கு இந்தப் பின்வாங்கல் குறைந்துவிடுகிறது. வீக்கம், தசை விறைப்பு, முன்பக்கம் நகர்ந்து நிற்கும் தாலஸ் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. விளைவு நமக்குத் தெரிந்ததே: குந்தி உட்கார முடியாது, உட்கார்ந்தால் குதிகால் தரையை விட்டு எழும்பும், படி இறங்கும்போது முன்பக்கம் இடிக்கும். ஆக ஒரே கணுக்காலில் இரண்டு குறைகள் சேர்ந்தே இருக்கும். முன்னோக்கி மூட்டு தளர்வு, பின்னோக்கி இறுக்கம். "கால் இறுக்கமா இருக்கு, நல்லா இழுத்து விடுங்க" என்று கேட்பவர் இறுக்கத்தை உணர்கிறார்; தளர்வு அவருக்குத் தெரிவதில்லை. இழுத்து விடுபவர் தளர்ந்த பக்கத்தை மேலும் தளர்த்திவிடுகிறார்.

நேராகக் கீழ்நோக்கி இழுக்கும் சொடுக்கு ஒன்றும் பிசியோதெரபியிலும் கைரோபிராக்டிக் என்ற கை வைத்திய முறையிலும் உண்டு. அதில் மூட்டுப் பரப்புகள் விலகும். ஆனால் நடு நார் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால் அந்த இழுப்பு அதன்மேல் நேரே விழும். நடு நாரும் கிழிந்திருக்கும் புதிய காயத்தில் இதைச் செய்யக் கூடாது. ஆறிப்போய் இறுக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் காலுக்கு உரியது இது.

மேல்கட்டு அடிபட்ட கால் இன்னொரு விதிவிலக்கு. பாதம் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு விழுந்தவர்களுக்கு வலி கணுவுக்குக் கீழே இருக்காது. கணுவுக்கு மேலே, கீழ்க்காலின் இரு எலும்புகளுக்கு நடுவே இருக்கும். கெண்டைக்காலின் நடுப்பகுதியை இரு கைகளாலும் சேர்த்து அழுத்தினால் கீழே கணுக்காலருகில் வலிக்கும். இவர்களுக்குப் பாதத்தை மேலே மடக்கித் தள்ளினால், தாலஸின் அகலமான முன்பகுதி ஆப்புபோல் நுழைந்து இரு எலும்புகளையும் பிரிக்கப் பார்க்கும். மற்றவர்களுக்கு நல்லது செய்யும் அசைவு இவர்களுக்குக் கெடுதல்.

ஆய்வுகளில் தெரிந்தது

ஆஸ்திரேலியாவில் கிரீனும் உடனிருந்தவர்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கால் பிரண்டு 72 மணி நேரத்துக்குள் வந்த 41 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு தாலஸை வலியில்லாமல் பின்னோக்கி அசைக்கும் சிகிச்சை. அசைத்த பிரிவினருக்கு வலியின்றிப் பாதத்தை மேலே மடக்கக் குறைந்த தடவைகளே சிகிச்சை தேவைப்பட்டது. புதிய காயத்திலும் கை வைக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே கை செய்தது மென்மையான, வலியில்லாத, பின்னோக்கிய அசைவு, சொடுக்கு அல்ல.

நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் உருவாக்கிய முறையில், சிகிச்சையாளர் மூட்டை நகர்த்திப் பிடித்திருக்க, நோயாளியே எடை ஊன்றிப் பாதத்தை மடக்குவார். 2004-ல் 14 பேரிடம் இதைச் சோதித்ததில் பாதம் மடங்கும் அளவு கூடியது. அழுத்தினால் வலி தொடங்கும் அளவு மாறவில்லை. ஆகவே பலன் வலியை மரத்துப்போகச் செய்ததால் வந்ததில்லை, மூட்டின் இயக்கத்தில் வந்தது என்று கொள்ள இடமிருக்கிறது.

2013-ல் அமெரிக்காவில் 74 பேரிடம் நடந்த ஆய்வு நமக்கு முக்கியம். கை சிகிச்சையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள், வீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நான்கு வாரத்திலும் ஆறு மாதத்திலும் நன்றாக நடமாடினார்கள். ஆனால் கால் மறுபடி பிரளும் வாய்ப்பில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கை அசைவைத் திறந்தது, நாரைப் பலப்படுத்தவில்லை. முதலில் சொன்ன முடிவு இங்கேயும் நிற்கிறது.

நாள்கணக்கு

முதல் மூன்று நாள்: வீக்கத்தின் காலம். கட்டு, உயர்த்தி வைத்தல், வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் 10 முதல் 15 நிமிடம். சூட்டு எண்ணெயும் அழுத்தி நீவுதலும் வேண்டாம். உள்ளே கசியும் ரத்தத்தைக் கூட்டும். சொடுக்கு அறவே கூடாது. பயிற்சி பெற்றவர் வலியில்லாமல் தாலஸை அசைப்பதில் தவறில்லை.

நான்காம், ஐந்தாம் நாள்: நார் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று கையால் சோதிக்க ஏற்ற நாள். அடிபட்ட அன்று வீக்கமும் வலியும் மறைத்துவிடும். நான்கைந்து நாள் கழித்துச் சோதித்தால் தெளிவாகத் தெரியும் என்பது நெதர்லாந்து ஆய்வுகளில் உறுதியானது. குதிகாலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்க்கும் சோதனை அது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ ஓரிரு முறை செய்வார்கள். சோதனையே சிகிச்சை ஆகிவிடக் கூடாது. ஆளுக்கு ஆள் இழுத்துப் பார்க்க விடாதீர்கள்.

இரண்டாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை: புது இழை நெய்யப்படும் காலம். பின்னோக்கிய அசைவுகள், எடை ஊன்றிய அசைவுகள், கெண்டைக்கால் பயிற்சி. புது இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட அளவான சுமை வேண்டும். முழு ஓய்வும் கெடுதலே. கீழே நீட்டி உள்ளே திருப்பும் இழுப்பைத் தவிர்க்கவும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு: நார் முறுக்கேறி முதிர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. இறுக்கம் மட்டும் மிஞ்சி, தளர்வு இல்லை என்று சோதித்து அறிந்த பிறகு, சொடுக்கு வேண்டுமா என்று சிகிச்சையாளர் முடிவு செய்யலாம்.

யார் கையிலும் கொடுக்கக் கூடாத கால்

1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் வகுத்த விதிகள் இன்றும் உலகமெங்கும் பயன்படுகின்றன. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே:

அடிபட்ட உடனும், மருத்துவர் பார்க்கும் நேரத்திலும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை.

வெளிக்கணு அல்லது உள்கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ, கீழ் 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலி.

சுண்டுவிரலை நோக்கிப் போகும் பாத எலும்பின் அடிப்பகுதியில், அல்லது பாதத்தின் உள்வளைவு உச்சியில் உள்ள எலும்பில் அழுத்தினால் வலி.

இவை தவிர, பின்வருவோருக்கும் சொடுக்கும் பலமான அசைவும் ஆகாது:

வளரும் பிள்ளைகள். அவர்களுக்கு நாரைவிட எலும்பின் வளர்ச்சித்தட்டு வலுக்குறைந்தது. சுளுக்கு என்று நினைப்பது அந்தத் தட்டின் முறிவாக இருக்கலாம்.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள். பாதம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் அது ஷார்கோ பாதம் என்ற எலும்புச் சிதைவாக இருக்கலாம். வலிக்கவில்லையே என்று நீவக் கொடுத்தால் பாதத்தின் வடிவமே போய்விடும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள், மூட்டுவாதமோ கீல்வாதமோ பொங்கியிருப்பவர்கள்.

கட்டைவிரலை முன்கையில் தொடும் அளவுக்கு உடல் வளைபவர்கள். இவர்களுக்குப் பிறவியிலேயே நார்கள் நெகிழ்வு. மேலும் தளர்த்த வேண்டியதில்லை.

கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலிப்பவர்கள். ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருக்கலாம், நீவினால் ஆபத்து.

காலைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்க மாட்டார்.

எந்த நார் பாதிக்கப்பட்டிருக்கிறது? எப்படித் தெரிந்தது?

என் மூட்டு இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? எந்தத் திசையில்?

நீங்கள் செய்யப்போவது அசைத்தலா, சொடுக்கா? நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியுமா?

செய்வதற்கு முன்னும் பின்னும் எதை அளக்கப்போகிறீர்கள்?

எத்தனை முறை வர வேண்டும்? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு "ஒண்ணும் வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சுவர் அளவு: வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நில்லுங்கள். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னே நகர்த்தி மறுபடி முயலுங்கள். தொட முடிகிற கடைசி இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். மற்றக் காலையும் அளவெடுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடினால் மூட்டு ஏறத்தாழ மூன்றரை பாகை அதிகம் மடங்குகிறது என்று கணக்கு. இரு கால்களுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால், கை சிகிச்சையால் பயன் கிடைக்க வாய்ப்புள்ள இறுக்கம் அது. கெண்டைக்கால் இழுத்தால் பரவாயில்லை. மூட்டின் முன்பக்கம் இடித்தால் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

ஒற்றைக்கால் நிற்பு: நார் வெறும் கயிறு இல்லை, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்கருவியும் அதுதான். கிழிந்தால் அந்தச் செய்தியும் தடுமாறுகிறது. லண்டனில் மருத்துவர் ஃப்ரீமன் 1965-லேயே இதைச் சுட்டிக்காட்டி, ஆடும் பலகைமேல் நிற்கும் பயிற்சியைப் பரிந்துரைத்தார். வலி குறைந்ததும், சுவரருகில் நின்று அடிபட்ட காலில் 30 நொடி நில்லுங்கள். எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள். அதுவும் எளிதானதும் மடித்த போர்வையின்மேல் நில்லுங்கள். தினம் பத்து நிமிடம், குறைந்தது ஆறு வாரம்.

குதிகால் உயர்த்தல்: இரு கால்களில் தொடங்கி, பிறகு ஒற்றைக்காலில். 15 தடவை தடுமாறாமல் செய்ய முடிந்தால் ஓட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைகள் வலுத்தால், பாதம் உள்ளே மடங்காமல் பிடித்து நிறுத்த அவை உதவும். நார் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் தசை எடுத்துக்கொள்ளும்.

விளையாட்டுக்குத் திரும்பும்போது முதல் சில மாதங்கள் கணுக்கால் உறை அணிவதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு சின்ன வேலையோடு இந்த அத்தியாயத்தை முடிக்கலாம். சுவரருகே தரையில், பெருவிரல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கை சிகிச்சைக்குப் போய்வந்த அன்று ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை அளந்து பாருங்கள். அன்று கோடு பின்னே நகர்ந்து, மறுநாளும் அங்கேயே நின்றால் அந்தக் கை வேலை செய்கிறது, தொடருங்கள். மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டால் குறை கையில் இல்லாமல் போகலாம்: முந்தின நாள் ஒற்றைக்கால் நிற்பும் குதிகால் உயர்த்தலும் செய்தீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் "டக்" மட்டும் கேட்டு, மூன்று வாரமாகியும் கோடு நகரவே இல்லையென்றால், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கணுக்கால் உறை வாங்கிக்கொள்ளுங்கள்.